இந்தோனேசிய மொழி ஆசிரியர் படிப்பு: சேருமுன்னும் சேர்ந்த பின்னும்

"இந்தோனேசிய மொழி கத்துக்கணும், எந்த யுனிவர்சிட்டில சேரலாம்?" என்று கேட்டு எனக்கு அடிக்கடி செய்தி வரும். பதிலுக்கு நான் ஒன்று கேட்பேன். உங்களுக்கு மொழி தெரிந்தால் போதுமா, அந்த மொழியைப் பள்ளிக்கூடத்தில் நின்று கற்பிக்க வேண்டுமா? ஏனென்றால் இந்தோனேசியாவில் இதற்கு மூன்று தனித்தனி வாசல்கள் உண்டு. வாசல் மாறி உள்ளே போனால் ஒன்றிரண்டு ஆண்டுகள் வீணாகும்.

முதல் வாசல் 'பீப்பா'. அயலவர்க்கான இந்தோனேசிய மொழிப் பயிற்சி. சில மாதமோ ஓராண்டோ நடக்கும், பட்டம் கிடையாது. இரண்டாவது 'சஸ்த்ரா இந்தோனேசியா', அதாவது மொழியியலும் இலக்கிய ஆய்வும். மூன்றாவதுதான் நான் படித்தது: 'பெண்டிடிக்கான் பஹாசா டான் சஸ்த்ரா இந்தோனேசியா', இந்தோனேசிய மொழி, இலக்கியக் கல்வி. எழுதும்போது பி.பி.எஸ்.ஐ. என்று சுருக்குவார்கள். நான்காண்டு முடித்தால் பெயருக்குப் பின்னால் 'எஸ்.பி.டி.' வரும், சர்ஜானா பெண்டிடிக்கான், நம்மூர்க் கணக்கில் கல்வியியல் இளங்கலை. 'சர்ஜானா'வைச் சமஸ்கிருத 'சஜ்ஜன'த்திலிருந்து வந்த சொல் என்பார்கள். இலக்கியமும் வேண்டும், வகுப்பறையும் வேண்டும் என்பவர்களுக்கு இந்த மூன்றாவது வாசல். வகுப்பு முன்னால் நிற்க விருப்பம் இல்லையென்றால் இரண்டாவதுக்குப் போங்கள். இங்கே பாதிப் பாடம் கற்பித்தலைப் பற்றியது.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இந்தப் படிப்பு உங்களுக்கு இந்தோனேசிய மொழியைக் கற்றுத் தராது. அது ஏற்கெனவே தெரியும் என்ற கணக்கில்தான் முதல் நாள் பாடமே ஆரம்பிக்கும். உங்களோடு உட்கார்ந்திருப்பவர்கள் அந்த மொழியில் பன்னிரண்டு ஆண்டு பள்ளிக்கூடம் படித்துவிட்டு வந்தவர்கள்.

மொழியை முதலில் கட்டுங்கள்

குறைந்தது ஓராண்டு ஒதுக்குங்கள். இந்தோனேசிய அரசின் 'தர்மசிஸ்வா' உதவித்தொகை 1974-இல் தொடங்கியது. பட்டமில்லாத படிப்பு, மொழியும் கலையும் பண்பாடும் கற்கலாம். நான் முதலில் யோக்யகர்த்தாவுக்குப் போனது அப்படித்தான். வளரும் நாடுகளின் மாணவர்களுக்கு 'கே.என்.பி.' என்ற உதவித்தொகையும் இருக்கிறது. அது பட்டப் படிப்புக்கானது, படிப்புக்கு முன்னால் மொழிப் பயிற்சியும் அதிலேயே அடங்கும். எந்த ஆண்டு எதற்கு அழைப்பு வருகிறது என்பதைத் தூதரக அறிவிப்பில் பாருங்கள். ஏஜெண்ட் சொல்வதை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

எவ்வளவு தேறியிருக்கிறோம் என்று அளக்க 'உக்பி' என்ற அரசுத் தேர்வு உள்ளது. ஏழு தரநிலைகள். அடியில் 'தெர்பாத்தாஸ்', உச்சியில் 'இஸ்திமேவா', நடுவில் 'மட்யா'. பல்கலைக்கழகம் எந்த நிலையைக் கேட்டாலும் சரி, நடுநிலையைத் தொடாமல் இந்தப் படிப்பில் கால்வைக்காதீர்கள் என்பது என் கருத்து. அதற்குக் கீழே இருந்தால் இலக்கணப் பாடத்தின் விளக்கமே புரியாது.

தமிழ் தெரிந்தவருக்கு இந்த மொழியில் சில கதவுகள் தானாகத் திறக்கும். 'கித்தா' என்றால் நாம், 'கமி' என்றால் நாங்கள். கேட்பவரைச் சேர்ப்பதா விடுவதா என்ற வேறுபாடு நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது, அதனால் ஒரு நாளில் பிடிபடும். கப்பல் அங்கே 'கப்பால்', கடை 'கெடாய்', பெட்டி 'பெத்தி', கட்டில் 'காத்தில்', சுருட்டு 'செருத்து'. வணிகத்தில் போடும் முதல் 'மோடால்' ஆனது. இந்தப் பழக்கம் நேற்று வந்ததல்ல. சுமாத்ராவின் மேற்குக் கரையில் பாரூஸ் அருகே லோபு துவாவில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினருடையது.

இலக்கணத்திலும் ஒரு கதவு இருக்கிறது. அதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இந்தோனேசிய வினைச்சொல்லுக்கு முன்னால் 'மெ' ஒட்டும்போது சில மெய்கள் மறைந்து மூக்கொலியாக மாறும். கிரிம் (அனுப்பு) 'மெஙிரிம்' ஆகும். சாப்பு (கூட்டிப் பெருக்கு) 'மெஞாப்பு' ஆகும். துலிஸ் (எழுது) 'மெனுலிஸ்', புக்குல் (அடி) 'மெமுக்குல்'. வகுப்பில் இதை 'கே, பி, எஸ், டி' என்று நான்கு எழுத்து வாய்பாடாக மனப்பாடம் செய்தார்கள். நான் நோட்டில் எழுதிப் பார்த்தேன்: க-வுக்கு ங, ச-வுக்கு ஞ, த-வுக்கு ந, ப-வுக்கு ம. ஆறாம் வகுப்பில் படித்த இன எழுத்துகளேதான். அதன்பிறகு அந்த விதியில் நான் தடுமாறியதே இல்லை.

ஆனால் தமிழரை இடறிவிடும் கல் ஒன்றும் உண்டு. நம் எழுத்தில் ஒரே 'ப', ஒரே 'க', ஒரே 'த'. 'பணம்' என்பதில் ஒலிக்கும் ப வேறு, 'பஸ்' என்பதில் ஒலிக்கும் ப வேறு. இந்தோனேசிய மொழியில் அந்த வேறுபாட்டில்தான் பொருளே நிற்கிறது. 'பெலாஜார்' என்று தமிழில் எழுதினால், பஸ்-ஸின் ப வந்தால் 'படிப்பது', பணத்தின் ப வந்தால் 'மாணவர்'. செந்தரச் சொல் என்பதற்கு அங்கே 'காத்தா பாக்கு' என்பார்கள். முதல் பருவத்தில் அதை நான் பணத்தின் ப போட்டே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படிச் சொன்னால் பாக்கு ஆணியாகிவிடும், செந்தரச் சொல் ஆணிச் சொல்லாகிவிடும். மொழி ஆசிரியராகப் போகிறவருக்கு இது சின்னப் பிழை இல்லை. இரட்டைச் சொற்களாக ஒரு பட்டியல் போட்டு, காலையில் பத்து, இரவில் பத்து என்று வாய்விட்டுப் படித்தேன். கண்ணாடி முன் உள்ளங்கையை வாய்க்கருகே வைத்துக்கொண்டு பயிற்சி செய்யுங்கள். உதடு பிரியுமுன்பே தொண்டை அதிர வேண்டும், அதுதான் பஸ்-ஸின் ப.

மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வருபவர்களுக்கு வேறொரு எச்சரிக்கை. மலாய் தெரியும் என்ற தெம்போடு வருவீர்கள், அது பெரிய பலம்தான். ஆனால் அங்கே கார் என்று பொருள்படும் 'கெரேத்தா' இங்கே ரயில். அங்கே இலவசம் என்ற 'பெர்ச்சுமா' இங்கே வீண். அங்கே சிறுவன் என்ற 'புடாக்' இங்கே அடிமை. அங்கே அலுவலகம் என்ற 'பெஜாபாத்' இங்கே அதிகாரி. கட்டுரையில் இவை தவறான இடத்தில் வந்தால் பேராசிரியர் சிவப்பு மையால் வட்டம் போடுவார்.

எங்கே சேர்வது

இந்தோனேசிய மாணவர்களுக்கு எஸ்.என்.பி.பி., எஸ்.என்.பி.டி. என்ற தேசிய வழிகள் இருக்கின்றன. முன்னது பள்ளி மதிப்பெண்ணை வைத்து, பின்னது தேர்வை வைத்து. வெளிநாட்டவர் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு அலுவலகத்துக்கு நேரடியாக விண்ணப்பிக்க வேண்டும்.

இந்தப் படிப்புக்குப் பழம்பெயர் பெற்றவை முன்னாளில் 'இக்கிப்' என்ற ஆசிரியர் பயிற்சிக் கழகங்களாக இருந்து, 1999-ஐ ஒட்டிப் பல்கலைக்கழகங்களானவை. பண்டுங்கின் யு.பி.ஐ., யோக்யகர்த்தாவின் யு.என்.ஒய்., ஜகார்த்தாவின் யு.என்.ஜே., மலாங், சுரபாயா, செமாராங், மேடான் நகரங்களின் அரசுப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் அந்த வழி வந்தவை. ஆசிரியரை உருவாக்குவது அவற்றின் பழைய தொழில். வேறு இடத்தில் சேர்வதானால் துறையின் தரச்சான்றைப் பாருங்கள். கல்வித் துறைகளுக்கு 'லாம்டிக்' என்ற அமைப்பு வழங்குகிறது. 'உங்குல்' என்றால் உயர்தரம்.

நகரம் எது என்பதற்கும் முக்கியத்துவம் கொடுங்கள். இந்த நாட்டில் எழுநூறுக்கும் மேற்பட்ட மொழிகள். பண்டுங்கில் தெருவில் சுண்டா மொழி, யோக்யகர்த்தாவில் ஜாவா மொழி. வகுப்பறையை விட்டு வெளியே வந்தால் நண்பர்கள் அதற்கு மாறிவிடுவார்கள். மேடானில் பல இனத்தார் கலந்து வாழ்வதால் தெருவிலேயே இந்தோனேசிய மொழி நிறையக் காதில் விழும். கம்போங் மெட்ராஸ் என்ற பழைய தமிழர் பகுதியும் அங்கேதான் இருக்கிறது. இலக்கியச் சூழல் வேண்டுமானால் நான் யோக்யகர்த்தாவைத்தான் சொல்வேன். கவிதை வாசிப்போ நாடகமோ எங்காவது நடந்துகொண்டே இருக்கும்.

சேர்க்கைக் கடிதம் வந்ததும் கல்வி அனுமதி, மாணவர் விசா, தங்கல் அனுமதி என்ற வரிசையில் வேலை நடக்கும். பல்கலைக்கழகமே பெரும்பாலும் வழிகாட்டும். பிளஸ் டூ சான்றிதழின் மொழிபெயர்ப்பையும் கடவுச்சீட்டையும் முன்கூட்டியே தயாராக வையுங்கள். கட்டணத்துக்கு 'யு.கே.டி.' என்று பெயர், பருவத்துக்கு ஒரே தொகை. வெளிநாட்டவருக்கு வேறு தொகை வைத்திருக்கும் இடங்கள் உண்டு, எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

முதல் மாதம்

தங்க 'கோஸ்' பார்ப்பீர்கள், மாத வாடகை அறை. கல்லூரிக்கு நடந்துபோகும் தூரத்தில், பக்கத்தில் ஜெராக்ஸ் கடை உள்ளதாகப் பாருங்கள். நான்காண்டும் அந்தக் கடை உங்கள் இரண்டாவது வீடு.

ஒவ்வொரு பருவமும் எந்தப் பாடங்களை எடுக்கிறோம் என்று 'கே.ஆர்.எஸ்.' என்ற படிவத்தை இணையத்தில் நிரப்பி, உங்களுக்கென ஒதுக்கப்பட்ட ஆலோசகப் பேராசிரியரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். பாடத்தின் எடையை 'எஸ்.கே.எஸ்.' என்ற அலகால் அளப்பார்கள். பட்டத்துக்குக் குறைந்தது 144. அதிக மதிப்பெண் பெற்றவர் ஒரு பருவத்தில் 24 வரை எடுக்கலாம். முதலாண்டில் முழுச் சுமையை ஏற்றாதீர்கள். சமயம், பஞ்சசீலம் (இந்தோனேசிய அரசின் ஐந்து அடிப்படைக் கொள்கைகள்), குடிமையியல் ஆகியவை எல்லாத் துறை மாணவருக்கும் கட்டாயம்.

ஆசிரியருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பும் முறையை இங்கே தனிக் கலையாகவே நினைக்கிறார்கள். ஆணானால் 'பாக்', பெண்ணானால் 'இபு'. முதலில் வணக்கம், அடுத்து 'மொஹொன் மாஆஃப் மெங்கங்கு', அதாவது தொந்தரவுக்கு மன்னிக்கவும். பிறகு உங்கள் பெயர், 'நிம்' என்ற மாணவர் எண், எந்த வகுப்பு, என்ன வேண்டும், இறுதியில் 'தெரிமா காசி'. இரவு நேரத்தில் அனுப்பாதீர்கள். ஒரு வரியில் "சார், இன்னிக்கு இருக்கீங்களா?" என்ற பாணியில் அனுப்பினால் பதில் வராது. மொழித் துறை ஆசிரியர்கள் அந்தச் செய்தியிலேயே உங்கள் எழுத்துத் திறமையை எடைபோடுவார்கள்.

என்ன படிப்பீர்கள்

ஒலியியல், சொல்லியல், தொடரியல், பொருண்மையியல் என்று மொழியியல் ஒரு வரிசையில் வரும். பாடத்திட்டம், மதிப்பீடு, ஆய்வுமுறை இன்னொரு வரிசை. சொல்லியலுக்கு மட்டும் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள், அதுதான் இந்த மொழியின் முதுகெலும்பு. 'அஜார்' என்ற ஒரே வேரை எடுத்துக்கொள்ளுங்கள். மெஙாஜார் என்றால் கற்பிப்பது. பெலாஜாரான் என்றால் பாடம். மெம்பெலாஜாரி என்றால் ஒன்றை ஆழ்ந்து படிப்பது. பெஙாஜாரான் ஆசிரியர் செய்வது, கற்பித்தல். பெம்பெலாஜாரான் மாணவருக்குள் நடப்பது, கற்றல். கடைசி இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றி ஒரு வகுப்பு முழுக்க விவாதம் நடந்தது. ஒட்டு மாறியதும் கல்வியைப் பற்றிய பார்வையே மாறுகிறது என்று எங்கள் பேராசிரியர் சொன்னபோது அறையே அமைதியானது.

இன்னொரு நாள் நோட்டுப் புத்தகத்தோடு எங்களைத் தெருவுக்கு அனுப்பினார்கள். பெயர்ப் பலகைகளில் 'டி' எங்கே வருகிறது என்று எழுதி வரவேண்டும். இந்த 'டி' இரண்டு வகை. இடத்தைக் குறித்தால், நம் 'இல்' உருபு போல, தனித்து நிற்கும்: 'டி செக்கோலா', பள்ளியில். செயப்பாட்டு வினையானால், நம் 'படு' போல, சேர்ந்து நிற்கும்: 'டிஜுவால்', விற்கப்படும். ஒரு மணி நேரத்தில் ஒரே தெருவில் தனித்தெழுதிய 'டி ஜுவால்' பலகைகள் பக்கம் நிறையக் கிடைத்தன. பள்ளி மாணவரின் கட்டுரையிலும் இதே பிழைதான் அதிகம். எழுத்துவிதி நூலான இ.ஒய்.டி. 1972-இல் வந்தது, இப்போது புழங்குவது 2022-இன் ஐந்தாம் பதிப்பு. அதையும் கே.பி.பி.ஐ. என்ற பேரகராதியையும் போனில் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் இணையத்தில் இலவசம். 1972-க்கு முந்தைய நூல்களில் எழுத்துக்கூட்டே வேறாக இருக்கும், நூலகத்தில் முதல் வாரம் கண் பழகவேண்டும்.

இலக்கியத்துக்கு வருவோம். 'பந்துன்' என்ற நாலடிப் பாட்டிலிருந்து ஆரம்பிப்பார்கள். 2020-இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்ந்த வடிவம். அதன் அமைப்பு புரிய, தமிழில் நான் கட்டிய ஒன்று:

ஆற்றங் கரையில் தாழை மணக்கும்,
ஓடம் ஏறிக் காற்று வரும்;
ஊரைப் பிரிந்தால் நெஞ்சம் கனக்கும்,
ஓலை வந்தால் ஆறுதல் தரும்.

முதல் இரண்டடி 'சம்பிரான்', பின் இரண்டடி 'இசி'. சம்பிரான் என்ற சொல்லுக்குத் துணி தொங்கவிடும் இடம் என்று பொருள். கருத்தை மாட்டுவதற்கு ஒரு கொடியை முதலில் கட்டுகிறார்கள். ஓசை ஒன்று-மூன்று, இரண்டு-நான்கு என்று அடிக்கடைசியில் பொருந்தும். எதுகையில் வளர்ந்த நம் காதுக்கு இது இயைபுத் தொடை. ஈரடியில் அறம் சொல்லும் 'குரிந்தாம்' தமிழிலிருந்து வந்தது என்று அங்கே பள்ளியிலேயே சொல்லித் தருகிறார்கள். பெஞெங்காத் தீவின் ராஜா அலி ஹாஜி 1847-இல் இயற்றிய பன்னிரு குரிந்தாம்கள் பாடத்தில் உண்டு.

நவீன இலக்கியத்தைத் தலைமுறைகளாகப் பிரிப்பார்கள்: பாலாய் புஸ்தகா, புஜாங்கா பாரு, 45-ஆம் தலைமுறை, 66-ஆம் தலைமுறை என்று. இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்தாலே தேர்வில் தேறலாம், பலர் அப்படித்தான் தேறுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். முதல் பருவத்திலிருந்து மாதம் ஒரு நாவலாவது முழுதாகப் படியுங்கள், சுருக்கம் வேண்டாம். புரூ தீவுச் சிறையில் 1969 முதல் 1979 வரை இருந்த நாவலாசிரியர் பிரமூத்யா அனந்தா தூரை ஒரு கோடை விடுமுறையில் படியுங்கள். 26 வயதில் மறைந்த சைரில் அன்வாரின் கவிதைகளை வாய்விட்டுப் படியுங்கள். அவர் மறைந்த ஏப்ரல் 28 கவிதை நாளாகக் கொண்டாடப்படுகிறது. அக்டோபர் வந்தால் மொழி மாதம், இந்தோனேசிய மொழியை ஒற்றுமை மொழியாக ஏற்ற 1928-இன் இளைஞர் உறுதிமொழியின் நினைவாக. கவிதை வாசிப்பு, நாடகம், கவிதைக்கு இசையமைத்துப் பாடுவது எல்லாம் நடக்கும். ஏதாவது ஒன்றில் மேடையேறிவிடுங்கள். என் உச்சரிப்பு திருந்தியதற்கு நாடக ஒத்திகைகள் பெரிய காரணம்.

வகுப்பு முன்னால்

மூன்றாம் ஆண்டில் 'மைக்ரோ டீச்சிங்' வரும். சக மாணவர்களே பள்ளிப் பிள்ளைகளாக உட்கார, பத்துப் பதினைந்து நிமிடம் பாடம் எடுக்க வேண்டும். பிறகு பள்ளிக்கு அனுப்புவார்கள், 'பி.எல்.பி.' என்று பெயர். கிராமத்தில் தங்கிச் சேவை செய்யும் 'கே.கே.என்.' தனி.

நான் போன நடுநிலைப் பள்ளியில் எனக்குக் கொடுத்த பாடம் பந்துன். விளக்கத்தை நாற்பது நிமிடத்துக்கு எழுதி வைத்திருந்தேன். ஐந்தாம் நிமிடம் கடைசி வரிசை ஜன்னலைப் பார்க்கத் தொடங்கியது. எழுதியதை மூடிவிட்டு, "நீங்க இன்னிக்குக் காலையில வழியில என்ன பார்த்தீங்க? ரெண்டு வரி சொல்லுங்க" என்றேன். ஒரு பையன் வயலில் நின்ற கொக்கைச் சொன்னான். ஒரு பெண் டயர் பஞ்சரான அப்பாவின் மோட்டார் சைக்கிளைச் சொன்னாள். அவற்றையே சம்பிரானாகக் கரும்பலகையில் எழுதி, இசியை அவர்களையே முடிக்கச் சொன்னேன். மணி அடித்த பிறகும் மூன்று பேர் எழுதிக்கொண்டிருந்தார்கள். பாடத் திட்டத்தைச் சின்னதாக எழுதுங்கள், மாணவர் வாயில் மொழி வருவதற்கு இடம் விடுங்கள். அந்தப் பிள்ளைகள் பலருக்கு வீட்டு மொழி ஜாவா மொழி. இந்தோனேசிய மொழி அவர்களுக்கும் பள்ளியில் வளரும் மொழிதான். அந்த ஒரு விஷயத்தில் நான் அவர்களுக்கு மிக அருகில் இருந்தேன்.

ஆய்வேடும் அதற்குப் பின்னும்

'ஸ்கிரிப்ஸி' என்ற ஆய்வேடு கடைசிப் படி. 2023-இல் வந்த விதி, அதற்குப் பதிலாக வேறு வகைப் பணியையும் ஏற்கப் பல்கலைக்கழகங்களுக்கு இடம் கொடுத்தது. உங்கள் துறையில் நடைமுறை என்ன என்று சீனியரிடம் கேளுங்கள். தலைப்பை இரண்டாம் ஆண்டிலேயே யோசியுங்கள். தமிழ் தெரிந்தவருக்குக் கடன்சொற்கள், அயலவர்க்கு உச்சரிப்புக் கற்பித்தல், பந்துனும் இயைபும் என்று மற்றவர்க்குக் கிடைக்காத தலைப்புகள் கையில் இருக்கின்றன. வழிகாட்டியின் அறை வாசலில் காத்திருந்து, சிவப்பு மையோடு திரும்பி, திருத்தி, மறுபடி காத்திருப்பது வழக்கம். ஒவ்வொரு முறையும் பழைய திருத்தப் பிரதியையும் சேர்த்தே எடுத்துப் போங்கள். ஓரத்தில் அவர் 'ஏ.சி.சி.' என்று எழுதினால் அந்த அத்தியாயம் தேறியது.

பட்டம் மட்டும் பள்ளி வேலைக்குப் போதாது. 'பி.பி.ஜி.' என்ற தொழில்முறை ஆசிரியர் பயிற்சி தனியாக உண்டு, அரசு ஆசிரியர் பணியோ இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டுமே. இதைச் சேரும்முன்பே தெரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டவர்க்கு உள்ள வழிகள் அயலவர்க்கு இந்தோனேசிய மொழி கற்பித்தல், மொழிபெயர்ப்பு, மேற்படிப்பு. பீப்பா கற்பிக்கும் எண்ணமிருந்தால் அதற்கான விருப்பப் பாடம் உங்கள் துறையில் இருக்கிறதா என்று சேரும்போதே கேட்டு, மூன்றாம் ஆண்டுக்குள் எடுத்துவிடுங்கள்.

பட்டமளிப்பு நாளான 'விசூடா' முடிந்த மறுநாளே விமானம் ஏறாதீர்கள். பட்டச் சான்றிதழுக்கும் மதிப்பெண் பட்டியலுக்கும் 'லெகாலிசிர்' என்ற முத்திரையிட்ட நகல்கள் வாங்க வேண்டும். ஊரிலிருந்து கேட்டு வாங்குவது மாதக் கணக்கில் இழுக்கும். ஒவ்வொன்றுக்கும் பத்து நகல், கூடவே ஆங்கில மொழிபெயர்ப்பு. அதற்கு ஒரு வாரம் ஒதுக்கி வையுங்கள்.